சும்மா பார்க்கப் போகிறோம்

எங்கள் வீட்டில் யாரும் காரணம் இல்லாமல் ஊர் தாண்டியதில்லை. நடவுக்குப் போயிருக்கிறோம், கரும்பு வெட்டப் போயிருக்கிறோம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போயிருக்கிறோம். சமயபுரத்துக்கு நடந்தே போயிருக்கிறோம். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்லவே வேண்டாம். கடலைக்கூட நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு வந்த தை அமாவாசைக்குப் பூம்புகார் போனோம். தலை முழுகிவிட்டு ஈரப் புடவையோடு பஸ் ஏறினோம். கடல் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

அதனால் என் மகள் அந்தப் பேச்சை எடுத்தபோது எனக்கு முதலில் விளங்கவில்லை.

அவள் கல்யாணமாகி அரியலூரில் குடியிருக்கிறாள். சிமெண்ட் ஆலை ஒன்றில், லேப்பில் வேலை. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் செந்துறை பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் வாசலில் மக்காச்சோளக் கதிர் உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு கதிரை உரித்துப் போட்டுவிட்டு, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அந்தமான்ல ஒரு தீவும்மா. இதப் பாரு."

போனில் ஒரு காடு தெரிந்தது. வேர் புடைத்த ஒற்றையடிப் பாதை மேலே ஏறி, கீழே இறங்கி, கடைசியில் ஒரு பாறை விளிம்பில் போய் நின்றது. அதற்குக் கீழே கடல். மயில் கழுத்து நிறம். கரையில் மணலைவிடப் பாறைதான் அதிகம், முரடு முரடாக.

"அங்க யாரு வூட்டு விசேசம்?" என்று கேட்டேன்.

"விசேசமெல்லாம் இல்ல. நீயும் நானும் போறோம். அவருக்கு லீவு கெடைக்கல. மாசிக்குள்ள மக்காச்சோளம் அடிச்சு முடிச்சிருவல்ல, அப்பப் போறோம்."

"போயி?"

"நடப்போம். பாப்போம். வந்துருவோம்."

"அந்தக் காலத்துல கொல பண்ணவங்களத்தான அந்தமானுக்கு அனுப்புவாங்க?"

"நீ ஏதும் பண்ணியிருந்தா இப்பவே சொல்லிரு. ரிட்டன் டிக்கெட் போடாம வுட்டுர்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. கதிரின் நாரைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னாள். "எங்க லேப்ல ஒவ்வொருத்தரும் லீவுக்கு ஊட்டிங்கிறாங்க, கேரளாங்கிறாங்க, போட்டோ காட்டுறாங்க. நான் எங்கயாவது சுத்திப் பாக்கப் போனா, மொதல்ல எங்கம்மாவோடதான் போவணும்னு நெனச்சு வச்சிருக்கேன். எல்லார்ட்டயும் சொல்லியும் வச்சிட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு அவ்வளவுதான் வரும். நாலு பேர் இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, பெற்ற மகளிடம்கூட எனக்குச் சட்டென்று வாய் வராது.

அடுத்த வாரம் ஷூ வாங்கிக்கொண்டு வந்தாள். ரப்பர் செருப்பு அந்தப் பாதையில் வழுக்குமாம். இந்த வயதில் முதல் முதலாக ஷூ போட்டேன். காலுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. கீழே கல்லா மண்ணா என்றே தெரியவில்லை. யார் கண்ணிலும் படாமல் இருக்கப் புடவையைத் தரை வரைக்கும் இறக்கிக் கட்டிக்கொண்டு, விடிந்தும் விடியாததுமாக ஓடைப் பக்கம் நடந்தேன்.

ஊருக்கு மேற்கே இருக்கிறது அந்த ஓடை. மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து, மேடும் பள்ளமுமாகப் போட்டுவைத்த செம்மண் பூமி. கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் காலில் தட்டுப்படும். நான் ஆடு ஓட்டிய தடமெல்லாம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் கூட வந்து நடந்தாள்.

"இதெல்லாம் ஒரு காலத்துல கடலாம்மா. நீ கடலுக்குள்ளதான் ஆடு மேச்சிருக்க."

"அதான் ஆடெல்லாம் எப்பப் பாத்தாலும் தண்ணிக்கு அலைஞ்சுதா?"

அவள் சிரித்ததில் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். உட்கார்ந்தே வேலை பார்க்கிற உடம்பு. நான் அதற்குள் மேட்டில் ஏறி நின்றிருந்தேன். கீழே இருந்து என்னை அண்ணாந்து பார்த்தவள், "அங்க போயி என்ன வுட்டுட்டு ஓடிராத," என்றாள். சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெட்டி வாங்க லெப்பைக்குடிக்காடு போனோம். அங்கேதான் வெளிநாடு போகிறவர்களுக்கான பெரிய பெட்டியெல்லாம் கிடைக்கும். கடைக்கார பாய் எங்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "பொண்ணு சவூதிக்கா, துபாய்க்கா?" என்றார். "வேலைக்கு இல்ல பாய். நானும் எங்கம்மாவும் சும்மா சுத்திப் பாக்கப் போறோம்," என்றாள் மகள். கொஞ்சமும் குரல் இறங்காமல் சொன்னாள். பாய் பெட்டியின் சக்கரத்தை உருட்டிக் காட்டிக்கொண்டே, "மாஷா அல்லாஹ். எங்க வூட்டுப் பெட்டியெல்லாம் அழுதுகிட்டேதான் போவும். இது ஒண்ணாவது சிரிச்சுகிட்டுப் போவட்டும்," என்றார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பெட்டியை மடியில் வைக்கவும் முடியாமல் கீழே விடவும் மனசில்லாமல் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

பெட்டி தெருவில் உருண்ட சத்தத்துக்கே அண்ணி வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் அக்கா. பக்கத்து வீடு. முழங்கால் வலி இருந்தாலும் செய்தி என்றால் அவர் கால் நிற்காது. மகள் அரியலூருக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்து, வாசலில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெள்ளென எழுந்து ஓடப் பக்கம் நடக்கிறியாமே?"

"ஆமாங்க அண்ணி."

"மாசி மாசம் கெளம்புறீங்களாம். கடல் பக்கமாம்."

"ஆமாங்க."

"அப்ப மாசி மகத்துக்குத் தீர்த்தமாடத்தான. நடந்து போற வேண்டுதலா? திருச்செந்தூர் மாதிரி அங்கயும் கடலோரமா முருகன் இருப்பாரு. ஏன் புள்ள, இவ்ளோ பெரிய வேண்டுதல எங்கிட்டகூடச் சொல்லாம மறைச்சிட்டியே?"

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். கோயிலும் இல்லை, வேண்டுதலும் இல்லை, சும்மா பார்க்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல்லை என் வாயில் வைத்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. கூலிக்குக் களை எடுத்த கை. சும்மா பார்க்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்லும்? காபி போடுகிறேன் என்று உள்ளே எழுந்து போனேன். நான் பேசாததை அண்ணி ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் தூரத்துக் கோயிலுக்குப் போகிறார் என்றால் மற்றவர்கள் தங்கள் வேண்டுதலையும் கொடுத்துவிடுவார்கள். போக முடியாதவர்களுக்கு அது ஒரு வழி. வாங்க மாட்டேன் என்று சொல்லவும் கூடாது. மறுநாளே அண்ணி தன் முழங்காலுக்காக உப்பும் மிளகும் கட்டிக் கொண்டுவந்தார். அதற்கடுத்து மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. எதிர்வீட்டு மருமகள் தன் பிள்ளையின் கண்ணுக்காக வெள்ளியில் செய்த கண்மலரைக் கொண்டுவந்து கொடுத்தாள். கீழத் தெருவிலிருந்து ஒருவர் சேவலையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டாங்களே," என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"மடியில வச்சுக்கங்க. சாது," என்றார்.

எல்லாவற்றையும் அலமாரியில் வைத்தேன். சேவல் மேல் கூடையைக் கவிழ்த்தேன். ராத்திரி படுத்தால் இல்லாத கோயில் ஒன்று கண் முன்னால் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். முதலில் சேவலைப் பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

நான் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்மலரைக் கையில் எடுத்துப் பார்த்தவள், அதை மெதுவாகத் திரும்ப வைத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"கோயிலுக்குன்னா ஊரே ஒன்ன அனுப்பி வைக்கும்மா. நான் எதுக்கு?" என்றாள். "எங்கம்மா வாழ்க்கையில ஒரு தடவயாவது, ஒரு வேலையும் இல்லாம, ஒருத்தருக்காகவும் இல்லாம, அவங்களுக்காக ஒரு எடத்துக்குப் போவணும்னுதான் இவ்ளோவும் பண்றேன். அதச் சொல்றதுக்கு ஒனக்கு வெக்கமா இருந்தா வேணாம். டிக்கெட்டக் கேன்சல் பண்ணிர்றேன். எனக்குக் கோவமெல்லாம் இல்ல."

கோபம் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாய் கடையில் அவள் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் நினைவுக்கு வந்தது. என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எங்கம்மா என்று சொன்னாள். நான் அவளை என் பக்கத்தில் நிறுத்தவில்லை.

"ஒரு நாள் பொறு," என்றேன்.

மறுநாள் அண்ணி கொல்லையில் வெங்காய வேலை. அறுவடை செய்த சின்ன வெங்காயத்தைக் குவித்துவைத்து, சுற்றி உட்கார்ந்து பெண்கள் தாளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். காணிக்கை கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். நான் மஞ்சள் பையை ஒரு கையிலும் சேவலை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். ஷூ போட்டிருந்தேன். புடவையைக் கரண்டைக்காலுக்கு மேலே தூக்கியே கட்டியிருந்தேன்.

"என்ன புள்ள, சேவலுக்கும் ஷூ வாங்கணுமா?" என்றார் அண்ணி. எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும் வரை நின்றேன்.

"அண்ணி, அங்க நாங்க கோயிலுக்குப் போவல. வேண்டுதல் எதுவும் இல்ல. இதெல்லாம் அவங்கவங்க எடுத்துக்கங்க. நம்ம சிறுவாச்சூர் ஆத்தாகிட்டயே செலுத்தலாம்."

அண்ணி அரிவாளோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பறம் எதுக்குப் போறீங்க?"

"சும்மா பாக்க."

"சும்மான்னா?"

"கடலப் பாக்க. பாறையப் பாக்க. காட்டுக்குள்ள ஒத்தையடிப் பாத இருக்கு, அதுல நடக்க. எம்மவ சம்பாரிக்கிறா. எங்கம்மாவோடதான் மொதல்ல போவேன்னு சொல்லி என்னக் கூட்டிட்டுப் போறா. நானும் போறேன்."

அவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. சேவல் மட்டும் கையில் திமிறிக்கொண்டிருந்தது.

"பாறையப் பாக்க ஏரோப்ளேனா? நம்ம ஓடையில இல்லாத பாறையா?" என்று யாரோ கேட்டார்கள். "அந்தப் பாறைய நான் பாத்ததில்லையே," என்றேன்.

எதிர்வீட்டு மருமகள்தான் முதலில் எழுந்து வந்தாள். கண்மலரை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "எனக்கு அந்தக் கடல போட்டோ புடிச்சுட்டு வாங்கம்மா," என்றாள். பிறகு ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டார்கள். அண்ணி வாங்கவில்லை. உப்பும் மிளகும் இருந்த முடிச்சை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவர் வெங்காயத்தைப் பார்த்தபடி நறுக்கிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மக்காச்சோளம் அடித்தபோதும் வரவில்லை. மகளிடம் நடந்ததைப் போனில் சொன்னேன். "நெசமாவா சொன்ன? அத்தை முன்னாடியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு யாரிடமோ, "எங்கம்மா சொல்லிட்டாங்க," என்று அவள் சொல்வது கேட்டது. லேப்பில் இருந்திருப்பாள்.

புறப்படுகிற நாள் வந்தது. ஆடுகளை வாரத்துக்கு விட்டாயிற்று. பாதி குட்டி வளர்க்கிறவர்களுக்கு, பாதி எனக்கு. வீட்டைப் பூட்டிவிட்டு, நானும் மகளும் பெட்டியை உருட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தோம். அண்ணி எங்களுக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார். குனிந்து என் ஷூவைப் பார்த்தார். இடது கால் கயிறு அவிழ்ந்திருந்தது. வலிக்கிற முழங்காலோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆட்டுக்குப் போடுகிற முடிச்சாக இறுக்கிக் கட்டினார். "வழுக்கி வுழுந்து எங்க தம்பி மானத்த வாங்காத," என்றார்.

பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஏதும் கோயிலுக்கா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கோயிலுக்கும் இல்ல, ஆஸ்பத்திரிக்கும் இல்ல. எங்க தம்பி பொண்டாட்டியும் எங்க புள்ளயும் ஏரோப்ளேன் ஏறிச் சும்மா பாக்கப் போறாங்க. பெட்டியப் பாத்து ஏத்துங்க."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற நாளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு கடைசி சீட்டுக்குப் போயிருப்பேன். அன்றைக்கு முன்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் பார்த்தார்களோ, அவர்களை நானும் பார்த்தேன்.