இடது தோளில் வெயில்

மலாயாவில், ரந்தாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் யாராவது பயணம் கிளம்பினால் மயிலம்மாள் வீட்டு வாசலைத் தாண்டிப் போக முடியாது. சிரம்பான் சந்தைக்குப் போனாலும் சரி, கப்பலேறி நாகப்பட்டினம் போனாலும் சரி, நிறுத்தி வைத்துப் புத்தி சொல்லாமல் விடமாட்டாள். எந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, மூட்டையை எங்கே வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவன் அளவுக்கு மேல் சிரித்துப் பேசினால் என்ன செய்ய வேண்டும், எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் உண்டு. இத்தனைக்கும் அம்மாள் செய்த பெரிய பயணம், கலியாணமாகி லிங்கியிலிருந்து மாட்டு வண்டியில் இங்கே வந்ததுதான். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் போவார்கள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு கேலி நின்றுபோனது. இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று நம்பி அவள் தம்பி வீரமுத்து சிரம்பானுக்குப் போனான். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே இருந்த ஆண்களை எல்லாம் லாரியில் ஏற்றி, வடக்கே சயாமில் ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. அவன் கிளம்பிய நேரத்தில் மயிலம்மாள் காட்டில் ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள், கூடப் பிறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அதை நினைத்து நினைத்து அழுவாள்.

இந்த நிலைமையில் அவள் புருஷன் நல்லசாமிக்கு உத்தரவு வந்தது. அவர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி வாத்தியார். சியோனான் என்று ஜப்பான்காரன் பேர் மாற்றி வைத்திருந்த சிங்கப்பூரில் வாத்தியார்கள் மாநாடாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஜப்பான் எழுத்தை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார் என்று அவர் அங்கே கட்டுரை வாசிக்க வேண்டுமாம். அதுவரை யாரும் எதற்கும் அழைக்காத மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மயிலம்மாள் நம்பவில்லை.

“மாநாடாம் மாநாடு! என் தம்பிக்குப் படம் காட்டுனாங்க, உங்களுக்கு மாநாடு காட்டுறாங்க.”

“போகலைன்னா மட்டும் சும்மா விடுவானா, மயிலு? பக்கத்துத் தோட்டத்து முருகையா வாத்தியாரும் வர்றாரு லா. பயப்படாதே.”

பயப்படாமல் எப்படி இருப்பது? மரவள்ளிக்கிழங்கை அவித்து இலையில் கட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

“காவக்காரனைக் கண்டா இடுப்பு வரைக்கும் குனிங்க. தலையை மட்டும் ஆட்டினா அறைவான். பவுண்டன் பேனாவைச் சட்டைப் பையில சொருகாதீங்க, புடுங்கிக்குவான். வாய் தவறிக்கூட இங்கிலீஷ் பேசிடாதீங்க.”

“சரி.”

“இன்னும் முடியலை. காலையில ரயில் வண்டி ஏறுறீங்க. சிங்கப்பூருக்குத் தெற்க போற வண்டின்னா வெயில் இடது தோள்ல அடிக்கணும். வலது தோள்ல அடிச்சா வண்டி வடக்க போவுது. வடக்கன்னா சயாம். யோசிக்காம குதிச்சிடுங்க. உசுரோட வீடு வந்து சேருங்க, எனக்கு அது போதும்.”

சிரிக்கத்தான் நினைத்தார் நல்லசாமி. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அப்படியே செய்வதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாளே திரும்பி வந்துவிட்டார். சட்டை கிழிந்து, முழங்கால் வீங்கி, யாரோ வெட்டிக் கொடுத்த கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். மயிலம்மாள் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தம்பியைப் பறிகொடுத்தாலும் புருஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஓடிவந்த லயத்து ஜனங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

வெந்நீர் ஒற்றடம் கொடுக்கும்போதுதான் விவரம் கேட்டாள்.

“சாமான் ஏத்துற பெட்டி மயிலு. ஜன்னல் கெடையாது, கதவு மட்டும் பாதி தெறந்திருந்துச்சு. ஒரே நெரிசல். முருகையா வேற பெட்டியில மாட்டிக்கிட்டாரு. நான் ஒரு மூலையில ஒடுங்கிக்கிட்டு அப்படியே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா வலது தோள்ல சுள்ளுன்னு வெயில். தம்பின் ஸ்டேஷன் பக்கத்துல வண்டி மெதுவா போச்சு, குதிச்சிட்டேன்.”

ஒற்றடத் துணி அவள் கையில் அப்படியே நின்றது. தம்பின் ஊர் சிரம்பானுக்குத் தெற்கேதானே இருக்கிறது? அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்.

“எஞ்சினு எந்தப் பக்கமா இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“எனக்கு முதுகுப் பக்கம்…” என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி சரியாகத்தான் போயிருக்கிறது. அவர்தான் வடக்கைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.

முருகையா வாத்தியார் மாநாடு முடிந்து பத்திரமாக வந்து சேர்ந்தார். நிஜமாகவே மாநாடுதானாம். தங்க இடம் கொடுத்தார்களாம், வெள்ளை அரிசிச் சோறு போட்டார்களாம். கட்டுரை வாசிக்க நல்லசாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது எழுந்து நிற்க ஆள் இல்லையாம். அதிகாரியின் முகம் போன போக்கைச் சொல்லும்போது முருகையா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரமே, தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி வந்தார். நல்ல மனுஷர்தான், வாசலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தே பேசினார்.

“உத்தரவை மீறுனவங்களை சயாமுக்கு ஏத்தச் சொல்லிட்டான் ஜப்பான்காரன், வாத்தியாரே. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். காலையில லாரி வருது.”

மயிலம்மாள் மண்டோர் காலில் விழுந்தாள். ‘நான்தான் குதிக்கச் சொன்னேன், என்னை ஏத்திக்கிட்டுப் போங்க’ என்று கதறினாள். அவர் என்ன செய்வார்? அவள் மனதுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. எந்தப் பிடியிலிருந்து காப்பாற்றப் பார்த்தாளோ, அந்தப் பிடியில் அவளே கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

காலையில் அதே கிழங்கை அவித்து, அதே மாதிரி இலையில் கட்டினாள். வாய் மட்டும் திறக்கவில்லை. வீக்கம் வடியாத காலோடு நல்லசாமி லாரியில் ஏறினார். மேலே நின்று அவளைப் பார்த்து, வருத்தமே இல்லாதவர் போலக் கேட்டார்.

“என்ன மயிலு, ஒண்ணும் சொல்லாம அனுப்புறே?”

லாரி நகர்ந்தது. அவள் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். சயாமுக்குப் போகிறவருக்குச் சொல்ல அவளிடம் என்ன புத்தி இருக்கிறது? அன்றைக்குச் சொல்ல மறந்தது ஒன்றுதான் வாயில் வந்தது.

“எஞ்சினைப் பார்த்து உட்காருங்க,” என்றாள். “இந்தத் தடவையாச்சும் எஞ்சினைப் பார்த்து உட்காருங்க.”