மூன்று நாள் கோட்டை

மாதத்தில் மூன்று நாள் கனகலட்சுமி காட்டேரிகளை வெட்டுவாள். மற்ற நாளெல்லாம் வெங்காயம் வெட்டுவாள். வில்லாபுரத்தில் அவள் இருந்த தெருவில் முதல் விஷயம் யாருக்கும் தெரியாது. இரண்டாவதை யாரும் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

அவள் வாக்கப்பட்டது பெட்டி வீட்டில். மாமனார் சின்னச்சாமி குலசாமிக்குப் பூசாரி. சாமியின் பட்டும் சலங்கையும் அடங்கிய மரப்பெட்டி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அவரோடு மதுரைக்கு வந்து, டிவி இருந்த கூடத்துக்கு அடுத்த அறையில் குடியேறியிருந்தது. பெட்டி இருக்கும் வீட்டில், வீட்டுக்குத் தூரமான பெண் வாசப்படி மிதிக்கக் கூடாது. தெருவில் மற்ற வீடுகளில் இந்த வழக்கமெல்லாம் ஒரு பாய், ஒரு தட்டு என்று சுருங்கிவிட்டது. இரண்டாயிரத்து மூன்றாம் வருசம் பிறந்த பிறகும் இந்த வீட்டில் மட்டும் அது சுருங்கவில்லை. கொல்லையில் மாடிப்படிக்கு அடியில் ஒரு குச்சு, அதற்கு ஒரு தகரக் கதவு. உள்ளே நிமிர்ந்தால் தலை இடிக்கும். மூன்று நாள் அங்கே கிடந்து, நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரலாம்.

ஒதுங்கிய முதல் நாளை மாமியார் ஒச்சாயி அடுப்படிக் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது, தேதி தெரியும். கல்யாணமாகி நாலு வருசம். வட்டம் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பெருமூச்சு உண்டு. கனகுவின் காதில் விழுகிற மாதிரி விடுவாள்.

அந்தக் குச்சைக் கனகு முதலில் வெறுத்தாள் என்பது உண்மைதான். பி.காம். முடித்து ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தவள், மூன்று நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தால் வேறு என்ன செய்வாள்? அவள் அண்ணன் வெள்ளைத்துரை சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தான். போன வருசம் லீவில் வந்தபோது, உள்ளங்கை அகலத்தில் ஒரு கேம் மெஷினைப் பழைய சாமான் கடையில் வாங்கியதாகச் சொல்லி அவள் கையில் திணித்துவிட்டுப் போனான். அதற்குள் ஒரே ஒரு ஆட்டம்தான் இருந்தது.

மலை மேல் ஒரு கோட்டை. அதில் ரத்தம் குடிக்கும் காட்டேரிகள். வாளும் நீளக் கோட்டுமாக ஒருத்தன் உள்ளே நுழைந்ததும் கதவு பின்னால் சாத்திக்கொள்ளும். வெட்ட வெட்ட அவனுக்கு பலம் ஏறும். செத்தவை விட்டுப்போன வாளையும் கவசத்தையும் எடுத்து மாட்டிக்கொண்டு மேலே மேலே போக வேண்டும். உச்சிக் கோபுரத்தில் காட்டேரிகளின் ராஜா உட்கார்ந்திருப்பான். அங்கங்கே நீல வெளிச்சத்தில் ஒரு அறை வரும். அதற்குள் நுழைந்துவிட்டால் எதுவும் அண்டாது. அதுவரை ஆடியதைப் பத்திரப்படுத்திவிட்டு மூச்சு விட்டுக்கொள்ளலாம். கனகுவுக்கு அந்த நீல அறைகள் ரொம்பப் பிடித்துப்போயின.

அந்த மெஷினின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. தகரக் கதவில் ஒரு நீள ஓட்டை உண்டு. பகலில் அது வழியாக விழும் வெயில் கீற்று தரையில் நகர நகர, அவளும் முட்டியை மடக்கிக்கொண்டு கூடவே நகர்வாள். சத்தத்தை அடைத்து வைத்திருந்தாள். ஆனால் செல்லை என்ன செய்வது? ரெண்டு பென்சில் செல் வேண்டும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஒதுங்கும் முன் டிவி ரிமோட்டிலிருந்து நல்ல செல்லைக் கழற்றிக்கொண்டு, தீர்ந்த செல்லை அதில் போட்டுவிடுவாள். மாதம் தவறாமல் மூன்று நாள் சின்னச்சாமி ரிமோட்டைச் சுவரில் தட்டுவார், தொடையில் தட்டுவார், கடைசியில் எழுந்துபோய் டிவியிலேயே அமுக்குவார். நாலாம் நாள் கனகு வந்து, “குடுங்க மாமா” என்று வாங்கி, மறைவில் செல்லை மாற்றிப் போட்டுத் தட்டினால் அது வேலை செய்யும். மருமகள் கை ராசியான கை என்று அவர் நம்பினார்.

அந்த மூன்று நாள் போக மற்ற நாளில் அவள் பெயர் அந்த வீட்டில் பட்ட பாடு சொல்லி முடியாது. கனகு, காப்பி. கனகு, மோட்டரப் போடு. கனகு, பூசைக்குப் பூ. ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தாள்; மத்தியானத்துக்குள் நாற்பத்தொன்று ஆகிவிட்டது. கப்பலூரில் பிளாஸ்டிக் ஆலையில் வேலை பார்த்த புருசன் அசோக்குமார் நல்லவன்தான். அவனும் வீட்டுக்குள் காலை வைக்கும்போதே “கனகு” என்றுதான் வைப்பான்.

ஆனி மாதம் மூன்றாம் தேதி ஒதுங்கியபோது ராஜாவின் கதவு வரை போய்விட்டாள். அதற்கு முன் இருந்த நீல அறையில் ஆட்டத்தைப் பத்திரப்படுத்தி வைத்துவிட்டு நாலாம் நாள் குளித்தாள். ஆனி இருபத்தெட்டில் அசோக்குமாரைப் புது மிஷின் பழக ஆலைக்காரர்கள் மூன்று மாதத்துக்குச் சூரத்துக்கு அனுப்பினார்கள். ஆனி முப்பதில் அவளுக்கு நாள் வர வேண்டும். வரவில்லை. இப்படி இதற்கு முன்னும் ரெண்டு தடவை தள்ளிப்போய், ஒச்சாயி வேப்பிலையும் குங்குமமுமாகக் கோயிலுக்கு ஓடி, பத்தாம் நாள் எல்லாம் புஸ்ஸென்று போயிருக்கிறது. அந்த ரெண்டு பெருமூச்சையும் கனகு மறக்கவில்லை. இன்னொன்றைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. ராஜா வேறு மேலே காத்துக்கொண்டிருந்தான். எப்படியும் இன்றோ நாளையோ வரப்போவதுதானே என்று நினைத்தாள். ஆடி இரண்டாம் தேதி காலை கொல்லையில் நின்றுகொண்டு சொன்னாள்.

“அத்தே, நான் தூரமாயிட்டேன்.”

ஒச்சாயி பெருமூச்சு விட்டாள். பென்சிலை எடுத்தாள்.

பெட்டி வீட்டில் தீட்டை மறைத்த பெண்கள் உண்டு. இல்லாத தீட்டைச் சொன்னவள் இவள் ஒருத்திதான் இருப்பாள். சாமிக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் மத்தியானம், பதினேழு தடவை செத்த பிறகு, ராஜாவை வெட்டிச் சாய்த்தாள். கோட்டை இடிந்து விழுந்தது, வானம் வெளுத்தது, ஏதேதோ பெயர்கள் ஓடின. கனகு வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாம் முடிந்ததும் பொத்தானை அமுக்கினாள். வாள்காரன் மறுபடி அதே நீல அறையில் நின்றான். எதிரே அதே கதவு. ராஜா உள்ளே உயிரோடுதான் இருந்தான். ஜெயித்தவளைக் கொண்டுவந்து ஜெயிக்கும் முன்பு இருந்த இடத்திலேயே விடுகிற இந்த ஆட்டத்தை என்னவென்று சொல்வது? அவளுக்கு அழுகை வந்தது. ஒரு ஆட்டத்துக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு நாள் வரவேயில்லை. ஆடி முப்பதில் குளியலறையில் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவளுக்கு இது ரெண்டாவது மாதம் தள்ளியிருக்கிறது. காலண்டருக்கு இதுதான் முதல். காலண்டர் கணக்குப்படி அவள் ஆடி ஐந்தில் தலைக்குக் குளித்தவள். புருசன் ஆனி இருபத்தெட்டிலேயே ரயிலேறிவிட்டான். நாலு வருசம் ஏங்கிய பிள்ளை வயிற்றில் இருந்தது. தகப்பன் ஊரில் இல்லாத நாளில் உண்டான பிள்ளை என்று அடுப்படிச் சுவரில் வட்டம் போட்டு வைத்திருந்தது. அந்த வட்டத்தைக் கேட்டு வாங்கியவள் அவளே.

மறுபடி ஒதுங்கிவிட்டேன் என்று சொல்லலாம். எத்தனை மாதத்துக்குச் சொல்வாள்? வயிறு பொய் சொல்லுமா? உண்மையைச் சொல்லலாம். ஒரு பொம்மைக்காகத் தீட்டென்று பொய் சொன்னேன் என்றால் யார் நம்புவார்கள்? மாமனார் காதுக்குப் போனால் பெட்டி முன்னால் பங்காளிகள் கூடிவிடுவார்கள். கோட்டைக்குள் வழி தெரியாமல் சுற்றினாலாவது ஒரு வரைபடம் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

ஆவணி ஐந்தாம் தேதி கடுகு தாளிக்கிற வாடையில் ஓடிப்போய்க் கொல்லையில் வாந்தி எடுத்தாள். ஒச்சாயி ஓடிவந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தில் வந்த சந்தோசத்தைக் கனகு பார்த்தாள். உடனே அவள் கண் காலண்டர் பக்கம் போனதையும், உதடு மெல்ல அசைந்து எண்ணியதையும் பார்த்தாள். நெற்றியில் இருந்த கை தானாக இறங்கியது.

அதன் பிறகு ஒச்சாயி அவளைக் கூப்பிடவேயில்லை. காப்பியை அவளே போட்டாள், மோட்டரை அவளே போட்டாள். மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று சின்னச்சாமியிடம் சொல்லி வைத்தாள். நாலு நாள் அந்த வீட்டில் கனகு என்ற பெயரே இல்லை. எதற்காக மூன்று நாள் திருடினாளோ அது வீடு முழுக்கக் கிடைத்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூரத்திலிருந்து போன் வந்தது. ஒச்சாயிதான் எடுத்தாள். கனகு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இருக்கோம்ப்பா. அவளா? நல்லாருக்கா. நீ ஒழுங்காச் சாப்புடு” என்று சொல்லி ஒச்சாயி போனை வைத்தாள். சின்னச்சாமி கோயிலுக்குப் போயிருந்தார். கனகு போய் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அத்தே, ஆடி ரெண்டு நான் ஒதுங்கல. பொய் சொன்னேன்.”

“எதுக்கு?”

“கேம் ஆட.”

ஒச்சாயி அவளை வெறித்துப் பார்த்தாள். “ஏன்டி, என்னயக் கிறுக்கின்னு நெனச்சியா?”

கனகு குச்சுக்குப் போய்ப் பாய்ச் சுருளுக்குள்ளிருந்து மெஷினை எடுத்து வந்தாள். அமுக்கினாள், வேலை செய்யவில்லை. டிவி மேலிருந்த ரிமோட்டை எடுத்து, பின்மூடியைத் தள்ளி, ரெண்டு செல்லையும் கழற்றி இதில் போட்டாள். கோட்டை வந்தது. ஒச்சாயி கோட்டையைப் பார்க்கவில்லை. மூடி கழன்ற ரிமோட்டைத்தான் பார்த்தாள்.

“அப்ப மாசாமாசம் இது மண்டையப் போட்டது...”

“நாந்தேன் அத்தே.”

“ஆடி மொதல்லயும் ஒங்க மாமா இதப் போட்டுத் தட்டுனாரே?”

“அப்பவும் நாந்தேன். இன்னும் ரெண்டு நாள்ல எப்புடியும் வந்துரும்னு நெனச்சேன். வரல.”

ஒச்சாயி ரிமோட்டின் மூடியை எடுத்து மாட்டினாள். பிறகு கேட்டாள். “அந்தக் குச்சுக்குள்ள அப்புடி என்னடி இருக்கு?”

“அங்க இருந்தா யாரும் கூப்புட மாட்டாங்க அத்தே.”

அவ்வளவுதான் சொன்னாள். ஒச்சாயி எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். “நாளைக்கு டாக்டரம்மாட்ட போவோம்” என்றாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கனகு அன்று தூங்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, கடைசியாக எப்போது தூரமானாய் என்று கேட்டார். கனகு வாயைத் திறந்தாள். முந்திக்கொண்டது ஒச்சாயி.

“ஆனி மூணு. நாந்தேன் காலண்டர்ல வட்டம் போட்டேன்.”

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒச்சாயி நின்றுகொண்டே இருந்தாள். நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, “பத்து வாரம் ஆகுது. நீங்க சொன்ன தேதி சரிதான். துடிப்பு நல்லாருக்கு” என்றார். அதற்குப் பிறகுதான் ஒச்சாயி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தேம்பித் தேம்பி அழுதாள். தனக்கே உறுதியில்லாத தேதியைத்தான் அத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கிறாள் என்பது கனகுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கனகுவை உட்கார வைத்து, ஒச்சாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கு நின்னு ஆறு வருசமாச்சு. நின்னப்ப, விட்டுச்சு சனியன்னு சொன்னாளுக. எனக்கு அழுகையா வந்துச்சுடி. மூணு நாளு காலை நீட்டிக் கெடந்த ஒடம்பு. அதுக்குப் பெறகு ஒரு நாளு ஒக்காந்திருக்கேனா? ரெண்டு மொற நான்கூட மூணு நாளை அஞ்சு நாளுன்னு சொல்லியிருக்கேன். ஒங்க மாமாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

கனகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவை அந்தக் கை தன்னுடையது மாதிரி இருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒச்சாயி ஆடி இரண்டின் வட்டத்தை ஈர விரலால் தேய்த்தாள். பென்சில் போவதற்கு முன்னால் காகிதம் போய்விட்டது. காலண்டரில் அந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சியது. அடுத்து மெஷினை வாங்கித் தன் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

“வகுத்துல புள்ளய வச்சுக்கிட்டு எவளாச்சும் காட்டேரி மொகத்துல முழிப்பாளா? பேரக்கூடச் சொல்லக் கூடாது” என்றாள். செல் ரெண்டும் ரிமோட்டுக்குத் திரும்பின. குச்சுக்குள் விறகை அடுக்கிக் கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் ரிமோட் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை.

கனகு என்ற பெயர் திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. கனகு, மாதுளம்பழம் தின்னு. கனகு, குனியாதே. கனகு, எங்க இருக்க? துவைகல்லுக்குப் போகும்போதெல்லாம் அவள் தகரக் கதவைப் பார்த்துக்கொண்டே போனாள். ஏழாம் மாதத்தில் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரிடம், பட்டும் படாமலும் கேட்டாள்.

“புள்ள பெத்தா முப்பது நாளு அந்தக் குச்சுலதான அத்தே?”

ஒச்சாயி கீரையிலிருந்து கையை எடுத்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்பது நன்றாகவே புரிந்தது. சாவி இருந்த இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“ஆமாடி. ஆனா அப்ப நீ தனியா இருக்க மாட்டியே.”

கூடத்திலிருந்து சின்னச்சாமி, “கனகு” என்றார்.

“வாரேன் மாமா” என்று கையை ஊன்றி எழுந்தாள்.