வீடு என் பேருக்கு வந்த கதை

இன்னிக்கு பத்திரம் எழுதுறவர்கிட்ட போனோம். நானும் என் வீட்டுக்காரரும். உழவர்கரையில ஒரு பழைய வீடு வாங்கப் போறோமில்ல, அதுக்கு எவ்ளோ வரின்னு கேக்க.

வழியெல்லாம் அவரே எனக்கு வரிப் பாடம் நடத்திக்கிட்டு வந்தார். சொல்லிக் குடுத்தது யாருன்னா, கோரிமேடு தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் புது ஃபிளாட் வாங்கின அவர் தம்பி.

"ஜிஎஸ்டி வேற வருதாம்டி. நம்மால முடியாது போலருக்கு."

அப்படிச் சொன்னா விட்டுட முடியுமா? ஆசைப்பட்ட வீடாச்சே!

பத்திரக்காரர் கேட்டுட்டு சிரிச்சார்.

"அண்ணே, ஜிஎஸ்டி, இன்னும் கட்டட வேலை முடியாத ஃபிளாட்டுக்குத்தான். ஆளு குடியிருந்த பழைய வீட்டுக்குக் கிடையாது. முத்திரை வரியும் பதிவுக் கட்டணமும் கட்டணும். அதுவும் தமிழ்நாட்டுக் கணக்கு வேற, நம்ம புதுச்சேரி கணக்கு வேற. இங்க பொம்பளைங்க பேர்ல வாங்கினா முத்திரை வரியில சலுகை உண்டு."

"எவ்ளோ கொறையும்?"

"பாதி."

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படிப் பார்த்ததில்ல!

"எழுதுங்க, இவ பேர்லயே எழுதுங்க."

"நல்லா யோசிச்சுக்குங்க. அப்புறம் வாடகை கேப்பேன்"னேன்.

வீடு கெடைச்ச மாதிரிதான் மக்களே! ஒரே ஒரு சிக்கல். மனுஷன் அவசரப்பட்டு, போன வாரமே வாசல்ல பதிக்கத் தன் பேரைப் போட்டு 'சவரிமுத்து இல்லம்'னு கருங்கல்லுல வெட்டி வாங்கிட்டு வந்துட்டார்.

கவுத்துப் போட்டா துணி தொவைக்க வசதியா இருக்கும்னு நான் சொல்றேன். நீங்க இன்னா சொல்றீங்க?