சேரன்மகாதேவியில் முளைத்த நெல்

சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. மீதிப் பாதியில் எங்கள் பேருந்தும் எதிரே வந்த லாரியும் முகத்தோடு முகம் நிற்கின்றன. யார் வண்டியைப் பின்னால் எடுப்பது என்று ஓட்டுநர்கள் சண்டை போடுகிறார்கள். நெல்மேல் ஏற்ற இருவருக்குமே மனமில்லை.

நான் இறங்கி ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்க்கிறேன். மழையில் நனைந்து எல்லா மணியும் முளைவிட்டிருக்கிறது. ஒன்றைக் கடிக்கிறேன், இனிக்கிறது.

"அருமையா முளைச்சிருக்கு அண்ணாச்சி!"

காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவர் நிற்கிறார். "முளைச்ச நெல்லு வேண்டாம்னு கொள்முதல் நிலையத்துல ஆபீசர் திருப்பி விட்டுட்டான். உமக்கு அருமையா இருக்கோ?"

பீருக்காக பார்லியை முளைக்கவைப்பதுதான் என் வேலை என்று அவசரமாக விளக்குகிறேன். ஊறவைத்து, முளை வந்ததும் உலர்த்தினால் அதுதான் மால்ட். முற்காலத்தில் ஐரோப்பாவில் விறகு மூட்டி உலர்த்துவார்கள். அன்றைய பீரில் புகை வாசம் அடிக்கும். அந்தப் புகை பீரை இன்றும் சில ஊர்களில் தேடிப் போய்க் குடிக்கிறார்கள்.

"வேணும்னே நனைக்கானுவளா?"

"ஆமா."

"முளைக்க விட்டு, புகையும் போடுதானுவ?"

"ஆமா."

அவர் நெல்லைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார். லாரி ஒருவழியாகப் பின்னால் நகர்கிறது. நான் ஓடிப்போய் ஏறிக்கொள்கிறேன். அவர் நெல்லை விட்டுவிட்டு ஜன்னலோடு சேர்ந்து ஓடிவருகிறார்.

"ஏ வே! அங்கன தானியம் எடுக்குத ஆபீசர் யாரு வே? அவரை இங்கன மாத்தச் சொல்லும்!"