கத்தாத போர்டுகள்

செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் இரைச்சலுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷம் நின்றவன் நான். காது மூடி கொடுத்தார்கள்தான். வேர்வையில் அரிக்கிறதென்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த மகராசன். ஆலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, கோத்தா திங்கி டவுனில் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆரம்பித்தேன்.

செத்த மதர்போர்டைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ரேமைக் கழற்றிவிட்டு, போர்டின் ஓரத்து நாலு ஊசியில் சுண்டுவிரல் நுனியளவு பஸ்ஸரைச் செருகிக் கரண்ட் கொடுப்பேன். உயிருள்ள போர்டு ரேமைக் காணோமென்று அந்தப் பஸ்ஸர் வழியாகக் கீச்சுக் கீச்சென்று கத்தும். கத்தவில்லையென்றால் கதை முடிந்தது. போன வருஷத்திலிருந்து கத்துகிற போர்டுகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி சில மாதங்களில் ஒன்றுகூடக் கத்தவில்லை. வெள்ளம் புகுந்த ஊர், அப்படித்தான் இருக்குமென்று நினைத்தேன். "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. வேண்டாமென்று வாடிக்கையாளர்கள் விட்டுப்போனவற்றை அலமாரியில் அடுக்கி வைத்தேன்.

அன்று காலை பாலர்பள்ளி ஆசிரியை ஒருவர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். பஸ்ஸரைச் செருகினேன். ஒன்றுமில்லை. திருப்பிச் செருகினேன். அப்போதும் ஒன்றுமில்லை.

"போர்டு போச்சு டீச்சர்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னண்ணே சொல்றீங்க? அப்பலேருந்து கத்திக்கிட்டே இருக்கே. உங்களுக்குக் கேக்கலையா?"

விளையாடுகிறாரோ என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. கரண்டை நிறுத்தினேன். நின்றுவிட்டது என்றார். மறுபடி போட்டேன். கத்துகிறது என்றார். அவர் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது, தெருவில் போகிற லாரியும் கேட்கிறது. அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

"கொஞ்சம் இருங்க டீச்சர். சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்று சொல்லி அலமாரியிலிருந்து ஒரு போர்டை இறக்கிப் பஸ்ஸரைச் செருகிக் கரண்ட் கொடுத்தேன். தூக்கினார். அடுத்ததற்கும் தூக்கினார். மூன்றாவதற்கும், நான்காவதற்கும். ஒன்றாவது உண்மையிலேயே செத்திருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. என் பேச்சை நம்பி விட்டுப்போனவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. இனி எந்த முகத்தோடு இந்த வேலையைச் செய்வது? வேறு வேலையும் எனக்குத் தெரியாது.

ஐந்தாவது போர்டில் ஊசி வளைந்திருந்தது. பஸ்ஸர் நழுவிக்கொண்டே இருந்ததால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுத்தேன். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் விரலைத் தூக்கவில்லை.

"இது கத்தலைண்ணே. இது நெசமாவே செத்ததுதான்."

என் விரலுக்கடியில் பஸ்ஸர் லேசாக, விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு அது கேட்காமல் இருக்காது.

"ஆமா டீச்சர்" என்றேன். "இது போச்சு."