எறியச் சொன்ன இடம்

இங்கிலாந்தில் கவுண்டி கிரிக்கெட் அணியொன்றில் வேகப்பந்து வீச்சாளனாக இருந்தேன். கையை மடக்கி எறிகிறேன் என்று நடுவர்கள் நோ-பால் கொடுக்கத் தொடங்கினார்கள். அணி என்னை விட்டுவிட்டது. எனக்கு வேறு தொழில் தெரியாது. அமெரிக்க பேஸ்பால் அணியொன்று பந்தெறிபவர்களைத் தேட லண்டனுக்கு வருகிறது என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். அந்த ஆட்டத்தில் எறிவதுதான் வேலை. அதை விட்டால் எனக்குப் போக்கிடமில்லை.

தேர்வுக்கு அண்ணன்தான் ஹவுன்ஸ்லோ வீட்டிலிருந்து காரில் கூட்டிப்போனார். முதலில் எறிந்த பந்துகள் நன்றாகவே போயின. அமெரிக்க அணியின் பயிற்சியாளர் வேகத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அடுத்த பந்தில் முழங்கைக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. பந்து என் காலடியிலேயே விழுந்தது.

அண்ணன் ஓடிவந்தார். "காணும் தம்பி, எறிஞ்சது போதும். வா போவம்."

"இன்னும் ஒரு பந்து, அண்ணை. எனக்கு ஏலும்."

விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் பந்தை எடுத்து வலது கைக்குள் திணித்தேன். அது உருண்டு புல்லில் விழுந்தது. மறுபடியும் திணித்தேன். கடைசியில் பயிற்சியாளரே வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனார்.

காரில் அண்ணன்தான் எனக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டார். அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். அதற்குப் பிறகு எந்த அணியும் என்னைக் கூப்பிடவில்லை.