மச்சானின் ஊசிகளும் லேசர் மெருகும்

ஜெர்மனியில் எங்கள் பட்டறை ஃபோர்மேன் கெல்லர், தினமும் காலையில் என் மச்சானின் சர்க்கரை நோயைப் பற்றி விசாரிக்கிறார். "பரவாயில்லை" என்கிறேன். அக்கா வீட்டுக்காரரான மச்சானுக்கு அப்படியொரு நோயே கிடையாது. ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம், எனக்கு வரவில்லை.

இங்கே எனக்கு வாய்த்தது மெருகேற்றும் வேலை. நெல்மணி அளவு வால்வுகளை அமிலக் கரைசலில் அமிழ்த்தி, மேலிருந்து லேசர் கதிரைப் பாய்ச்சுவோம். கதிர் பட்ட இடம் மட்டும் சூடேறி, அங்குள்ள சொரசொரப்பை அமிலம் கரைத்துவிடும். கண்ணாடிபோல் மின்னும். இந்த எண்பதுகளில் இது புது வித்தை. போன விடுமுறையில் சொந்த ஊரான மல்லசமுத்திரம் வந்தபோது இதைப் பெருமையாகச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. சங்ககிரியில் லாரி டீசல் பம்பு பழுதுபார்க்கும் மச்சான், மறுநாளே நாலு ஊசிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலில் ஏறி இறங்கும் ஊசிகள்.

"தேஞ்சு போச்சுங்க மாப்ள. உங்க லேசர்ல வெச்சுப் புதுசாக்கிக் குடுங்க."

"அது இன்னும் தேய்க்கத்தானுங்க மச்சான் செய்யும். ஊசி ஒல்லியாயிரும், டீசல் ஒழுகும்."

"ஒரு ஊசிய மினுக்கத் தெரியாமயா அத்தன தூரம் போய் உக்காந்திருக்கறீங்க?"

அக்காவும் சேர்ந்துகொண்டாள். "செஞ்சுதான் குடு சாமி. உன்ற மச்சான் ஆசையாக் கேக்கறாரல்லோ."

திரும்பியதும் கெல்லரிடம் அனுமதி கேட்டேன். "மச்சானுக்கு ஊசி" என்று தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவருடைய அம்மா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவராம். கண் கலங்கி, என்ன ஏதென்று பார்க்காமலே இயந்திரத்தை விட்டுக்கொடுத்தார். திருத்திச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை.

"பார்க்க மட்டும், மாட்டாதீர்கள்" என்று எழுதி, மெருகேற்றிய ஊசிகளை அனுப்பினேன். மச்சான் நாலையும் ஒரு லாரியில் மாட்டிவிட்டார். ஆத்தூரில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய அந்த லாரி, கரும்புகை கக்கி நடுவழியில் நின்றது. டிரைவர் ஒரு பகல் முழுக்க வெயிலில் கிடந்திருக்கிறார். எனக்குக் கடிதம் வந்தது: "மாப்ள, உங்க வேல சுத்தமில்லீங்க. உங்கக்காளுக்கும் வருத்தம்."

ஞாயிறு மதியம் பதில் எழுத உட்கார்ந்தேன். கோபம் தமிழில் தடையில்லாமல் வந்தது. ஊசி எத்தனை மைக்ரான் கரைந்தது, ஏன் ஒழுகியது என்று விளக்கப்போன இடத்திலெல்லாம் ஜெர்மன் சொல்லே வந்து விழுந்தது. அந்த வேலையை நான் தமிழில் கற்கவே இல்லை. மூன்று பக்கம். பாதி மச்சானுக்குப் புரியாது. மீதி கெல்லருக்குப் புரியாது. அப்படியே உறையிலிட்டு ஒட்டினேன்.